மோட்டார் காயிலின் தடை 3 ஓம், ஓடும்போது 6.5 ஆம்பியர்: இடையில் என்ன நடக்கிறது?

ஏப்ரல் 4, காங்கேயம் வாசகர் எழுதியது

வீட்டுக் கிணற்றில் ஒரு எச்.பி. மோட்டார் இருக்கிறது, சிங்கிள் பேஸ். இணைப்பைக் கழற்றிவிட்டு ரன்னிங் காயிலை மல்டிமீட்டரில் அளந்தேன், 3 ஓம். வீட்டுக்கு வருவது 230 வோல்ட். 230 ஐ 3 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 77 ஆம்பியர். வாட் கணக்குப் போட்டால் 17,600 வருகிறது. ஆனால் வயரைக் கவ்வி ஆம்பியர் அளக்கும் டாங் டெஸ்டர் 6.5 ஆம்பியர்தான் காட்டுகிறது. வோல்ட்டைத் தடையால் வகுத்தால் ஆம்பியர் என்று பள்ளியில் படித்த ஓம் விதி மோட்டாருக்குச் செல்லாது என்பது என் முடிவு. மறுப்பவர்கள் கணக்கோடு வரவும்.

ஏப்ரல் 4, இரவு

கணக்கோடு வருகிறேன். கோபியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். இந்தக் கேள்வியை எங்களிடம் தொழில் கற்க வரும் பையன்கள் எல்லோரும் ஒரு நாள் கேட்கிறார்கள். கேட்காதவனுக்குத்தான் நான் கவலைப்படுவேன்.

விதி செல்லும். அதே காயிலுக்கு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து கொடுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 4 ஆம்பியர் போகும். 12 ஐ 3 ஆல் வகுத்தால் 4. பன்னிரண்டை நான்கால் பெருக்கினால் 48 வாட். அந்த 48 வாட்டும் செம்பைச் சூடாக்குவதற்கு மட்டுமே போகிறது. சற்று நேரம் விட்டால் காயில் வெதுவெதுப்பாகிவிடும். ஓம் சொன்னது இம்மி பிசகாமல் நடக்கிறது.

வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று திசை மாறுவது. அது காயிலில் பாயும்போது இரும்புக்குள் காந்தப்புலம் எழுந்து, விழுந்து, திசை மாறுகிறது. மாறும் காந்தப்புலம் தன்னை உண்டாக்கிய அதே காயிலிலும் ஒரு மின்னழுத்தத்தை எழுப்பும். அது வருகிற மின்சாரத்தை எதிர்த்து நிற்கிறது. 230 வோல்ட்டில் பெரும்பகுதியை அது தாங்கிக்கொள்கிறது. செம்பின் தடைக்கு மட்டும் விழுவது எவ்வளவு என்று பாருங்கள்: 6.5 × 3 = 19.5 வோல்ட். உங்கள் 3 ஓமுக்கு எதிரே வைக்க வேண்டிய எண் இந்தப் பத்தொன்பதரைதான், 230 அல்ல.

ஏப்ரல் 5, காலை

'அப்படியானால் 230 ஐ 6.5 ஆல் வகுத்தால் வரும் 35.4 என்ன?' என்று காங்கேயத்தார் கேட்டிருக்கிறார். அது மின்மறிப்பு. அதன் அலகும் ஓம்தான் என்பதால் தடையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறோம். தடை ஆற்றலை வெப்பமாக்கித் தீர்க்கும். மின்மறிப்பில் ஒரு பகுதி, மின்சாரத்தை வாங்கிக் காந்தப்புலத்தில் வைத்துவிட்டு அடுத்த கணத்தில் லைனுக்கே திருப்பித் தரும். மல்டிமீட்டர் உள்ளே இருக்கும் சிறு பேட்டரியால் அளக்கிறது. அதற்குத் தடை மட்டும்தான் தெரியும்.

இன்னொன்று. தண்டு நின்றிருக்கும் நிலையில் சுவிட்சைப் போட்டால் முதல் கணத்தில் ஓடும் ஆம்பியரைப் போல ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும். உங்கள் மோட்டாருக்கு 35, 40 ஆம்பியர் வரை போகலாம். சுழலும் பகுதியான ரோட்டர் வேகம் பிடித்ததும் இறங்கிவிடும். பம்பில் தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரில் கல்லோ சகதியோ சிக்கி ரோட்டர் சுற்றாமலே நின்றால் அந்த ஆறு மடங்கு ஆம்பியர் இறங்காது. வெப்பம் ஆம்பியரின் வர்க்கத்தில் ஏறும் என்பதால் 36 மடங்கு. பட்டறைக்குக் கருகி வரும் மோட்டார்களில் இப்படி வருபவை நிறைய. ஆம்பியர் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயைக் கையால் அமுக்கிப் பிடித்து ஓட்டுகிறவர்கள் இந்த 36 ஐ நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏப்ரல் 5, பிற்பகல்

முதல் குறிப்பைப் படித்த ஒருவர், 19.5 ஐ 230 இலிருந்து கழித்தால் எதிர் மின்னழுத்தம் 210.5 என்று எழுதியிருக்கிறார். அப்படி நேராகக் கழிக்க முடியாது. இரண்டும் ஒரே நேரத்தில் உச்சிக்குப் போவதில்லை. ஒன்று முன்னே, ஒன்று பின்னே. முக்கோணம் வரைந்துதான் கூட்ட வேண்டும். செம்பில் விழும் பங்கு சிறியது என்று காட்டவே அந்த எண்ணைச் சொன்னேன்.

கெப்பாசிட்டர் வைத்த மோட்டாரில் ஸ்டார்ட்டிங் காயிலுக்கும் ஒரு பங்கு போகிறது. டாங் டெஸ்டர் வெளி வயரில் காட்டிய 6.5 இரண்டும் சேர்ந்தது. ஆகவே இவையெல்லாம் தோராயம். முடிவு மாறாது.

ஏப்ரல் 6

வாட் கணக்கு. இங்கேதான் படித்தவர்களும் சறுக்குகிறார்கள்.

230 × 6.5 = 1,495. இதை வாட் என்று எழுதினால் தவறு. வோல்ட்-ஆம்பியர் என்று எழுத வேண்டும். உண்மையில் செலவாகும் வாட் இதைவிடக் குறைவு, ஏனென்றால் வாங்கியதில் ஒரு பகுதி திரும்பிப் போகிறது. இரண்டுக்கும் உள்ள விகிதம் திறன் காரணி, பவர் பேக்டர்.

வாட்மீட்டர் எல்லோர் வீட்டிலும் இருக்காது. மின்வாரிய மீட்டர் இருக்கிறதே! அதில் ஒரு சிறு சிவப்பு விளக்கு சிமிட்டும். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருப்பார்கள். உங்களுடையதில் 3,200 என்று வைத்துக்கொள்வோம். வேறு எண் இருந்தால் அதையே எடுங்கள். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டி, ஒரு நிமிடத்தில் எத்தனை சிமிட்டல் என்று எண்ணுங்கள். அதை 60 ஆல் பெருக்கி 3,200 ஆல் வகுத்தால் கிலோவாட்.

ஏப்ரல் 6, இரவு

காங்கேயத்தார் எண்ணிவிட்டார்! நிமிடத்துக்கு 61. மீட்டரிலும் 3,200 என்றே போட்டிருக்கிறதாம்.

61 × 60 = 3,660. 3,200 ஆல் வகுத்தால் 1.144. அதாவது 1,144 வாட். 1,495 ஆல் வகுத்தால் திறன் காரணி 0.765. இந்த அளவு மோட்டாருக்கு இயல்பானதே.

ரன்னிங் காயிலின் செம்பு எவ்வளவு தின்கிறது? 6.5 × 6.5 × 3 = 127 வாட். எழுதத் தொடங்கியபோது 17,600 என்று இருந்த எண் இப்போது 127 இல் நிற்கிறது. மீதி ஆயிரத்துச் சொச்சத்தில் இரும்பின் இழப்பு, ரோட்டரின் இழப்பு, பேரிங் உராய்வு எல்லாம் போக, தண்டு வழியே பம்புக்குப் போகிறது. ஒரு எச்.பி. என்பது 746 வாட். அது தண்டில் கிடைக்க வேண்டிய அளவு. லைனிலிருந்து இழுக்கும் அளவு அல்ல. பெயர்ப்பலகையில் 0.75 கிலோவாட் என்று இருக்க மீட்டர் ஒரு கிலோவாட்டுக்கு மேல் ஓடுகிறது, ஏமாற்றிவிட்டார்கள் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

ஏப்ரல் 9

பெருந்துறை வாசகர் ஒருவரின் வாதம்: 'எங்கள் ஊரில் சாயங்காலம் 180 வோல்ட்டுக்கு இறங்குகிறது. வோல்டேஜ் குறைந்தால் வாட் குறையும், பில்லும் குறையும். எதற்குப் புகார்?'

வாட்டர் ஹீட்டரை எடுத்துக்கொள்வோம். அதில் காந்த விளையாட்டு கிடையாது. நிக்ரோம் கம்பி, வெறும் தடை. 2,000 வாட், 230 வோல்ட் என்று போட்டிருந்தால் ஆம்பியர் 8.7, தடை 26.4 ஓம். குளிர்ந்த நிலையில் மல்டிமீட்டரை வைத்தாலும் ஏறக்குறைய அதுவே வரும், ஏனென்றால் நிக்ரோமின் தடை சூட்டில் அதிகம் மாறாது. பள்ளிக்கூடக் கணக்கை வீட்டில் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல பொருள் இல்லை. பழைய குண்டு பல்பு இதற்கு ஆகாது: 60 வாட் பல்பு எரியும்போது 880 ஓம், அணைந்து ஆறியபின் அதில் பதினைந்தில் ஒரு பங்கு அளவுதான் காட்டும்.

180 வோல்ட்டில் ஹீட்டரின் வாட்: 180 × 180 ÷ 26.4 = 1,227. வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்கு இறங்கினால் வாட் ஐந்தில் இரண்டு பங்கு இறங்குகிறது. சரி, பில் குறையுமா? 25 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குக் கொண்டுபோக 0.87 யூனிட் வேண்டும். 2,000 வாட்டில் 26 நிமிடம். 1,227 வாட்டில் 43 நிமிடம். யூனிட் அதேதான். காத்திருக்கும் நேரம்தான் கூடுகிறது. அந்த நேரத்தில் தொட்டியிலிருந்து கசியும் சூட்டையும் சேர்த்தால் ஒரு துளி அதிகமாகவே ஆகும்.

மோட்டார் நேர் எதிர். பம்பு கேட்கும் வேலை அவ்வளவாகக் குறையாது. வோல்டேஜ் இறங்கினால் ஆம்பியரை ஏற்றி ஈடு கட்டப் பார்க்கும். 230 இலிருந்து 190 க்கு இறங்கினால் 6.5 ஆம்பியர் ஏறத்தாழ 7.9 ஆகும். செம்பில் எழும் வெப்பம் 127 வாட்டிலிருந்து 187 க்குப் போகும். சித்திரை வெயிலில், எல்லோரும் ஒரே நேரத்தில் தண்ணீர் விடும்போது, எங்கள் பட்டறை வாசலில் மோட்டார்கள் வரிசை கட்டுவதற்குக் காரணம் இதுதான். புகார் கொடுங்கள். எத்தனை மணிக்கு எத்தனை வோல்ட் என்று எழுதி வைத்துக்கொண்டு கொடுங்கள்.

ஏப்ரல் 10

டாங் டெஸ்டரில் பூஜ்யம் காட்டுகிறது என்கிறார் ஒருவர். இரண்டு வயரையும் சேர்த்துக் கவ்வினால் போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒரே வயரைப் பிரித்துக் கவ்வுங்கள்.

ஓம் அளக்கும்போது லைன் முழுக்கத் துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும். கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரத்தை இறக்கிவிட்டு அப்புறம் தொடுங்கள். இதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை.

ஏப்ரல் 13

சத்தியமங்கலத்திலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு மாணவி கேட்டது: 'வாட் என்பது வோல்ட்டின் வர்க்கத்தைத் தடையால் வகுத்தது என்றால், தடை கூடினால் வாட் குறைய வேண்டும். ஆம்பியரின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கியது என்றால், தடை கூடினால் வாட் கூட வேண்டும். இரண்டும் எப்படிச் சரியாகும்?'

அம்மணி, இந்தக் கேள்விக்காகவே இந்த இழை பிழைத்திருக்கலாம். இரண்டும் சரி. எது மாறாமல் நிற்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

வீட்டில் வோல்டேஜ் நிற்கிறது. ஒவ்வொரு சாதனமும் அதே 230 ஐத் தனித்தனியே வாங்குகிறது. அங்கே தடை குறைந்த ஹீட்டர் அதிக வாட் எடுக்கும். ஆனால் ஹீட்டருக்குப் போகும் வயரை நினைத்துப் பார். அதில் போகும் 8.7 ஆம்பியரை ஹீட்டர் தீர்மானிக்கிறது. வயருக்கு அதில் ஒரு பேச்சும் இல்லை. ஆம்பியர் நிற்கும் இடத்தில் தடை கூடினால் சூடு கூடும். 100 வாட், 40 வாட் குண்டு பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வயரில் கோத்து எரித்தால் 40 வாட் பல்புதான் பிரகாசமாக எரியும். ஆய்வகத்தில் ஆசிரியரைக் கேட்டுப் பார்.

வயரின் இழப்பைக் கணக்கிடும்போது 230 இன் வர்க்கத்தை வயரின் தடையால் வகுத்து விடாதே. வயரின் இரு முனைக்கும் இடையே 230 வோல்ட் இல்லை. ஓரிரு வோல்ட்தான் இருக்கும். காங்கேயத்தார் 77 ஆம்பியருக்குப் போனதும் இதே வழியில்தான்.

ஏப்ரல் 16

மாணவிக்கு எழுதியதைப் படித்துவிட்டு அன்னூரிலிருந்து ஒரு பெரியவர் கேட்டிருக்கிறார்: 900 அடி போர், 7.5 எச்.பி. த்ரீ பேஸ் சப்மர்சிபிள், என்ன கேபிள் விடலாம்? கடையில் 4 சதுர மில்லிமீட்டர் போதும் என்கிறார்களாம்.

ஐயா, இதற்கு நீளமாகவே பதில் எழுத வேண்டும். நம் பக்கத்தில் மோட்டாருக்குச் செய்யும் செலவில் பாதிக் கவனம்கூடக் கேபிளுக்குப் போவதில்லை.

900 அடி என்பது 274 மீட்டர். மின்னழுத்தம் ஸ்டார்ட்டரில் இருப்பதைப் பார்த்துத் திருப்திப்படுகிறோம். மோட்டார் இருப்பதோ 274 மீட்டருக்குக் கீழே. பல இழைச் செம்புக் கேபிளுக்குத் தரநிலை அனுமதிக்கும் அதிகபட்சத் தடை, 20 டிகிரியில், ஒரு கிலோமீட்டருக்கு: 4 சதுர மில்லிமீட்டருக்கு 4.95 ஓம், 6 க்கு 3.30, 10 க்கு 1.91. உங்கள் ஆழத்துக்கு, கேபிளுக்குள் இருக்கும் ஒவ்வொரு கோருக்கும் (செம்புக் கம்பிக்கும்) முறையே 1.36, 0.90, 0.52 ஓம்.

மோட்டார் 14 ஆம்பியர் இழுக்கிறது என்று கொள்வோம். த்ரீ பேஸில் இறங்கும் வோல்டேஜுக்கு ஆம்பியரையும் தடையையும் பெருக்கி 1.732 ஆல் மறுபடி பெருக்க வேண்டும். 4 இல் 33 வோல்ட். 6 இல் 22. 10 இல் 13 க்குச் சற்றுக் குறைவு. மேலே 415 இருந்தால் 33 போனாலும் சமாளிக்கலாம். பகலில் ஸ்டார்ட்டரிலேயே 380 தான் இருக்கிறது என்று வையுங்கள்; கீழே மோட்டாருக்குக் கிடைப்பது 347. அப்போது மோட்டார் ஆம்பியரை ஏற்றும், ஏறிய ஆம்பியரால் கேபிளில் இன்னும் வோல்டேஜ் விழும், அதனால் ஆம்பியர் இன்னும் சற்று ஏறும்.

கேபிளில் வீணாகும் வாட்: மூன்று கோருக்கும் சேர்த்து 4 இல் ஏறத்தாழ 800, 6 இல் 530, 10 இல் 310. நான்குக்கும் பத்துக்கும் வித்தியாசம் 490 வாட். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் ஓட்டினால் 3.9 யூனிட் போருக்குள் தண்ணீரைச் சூடாக்கப் போகிறது.

விவசாய மின்சாரத்துக்குக் கட்டணம் இல்லையே என்று சொல்லத் தோன்றும். பில் வராது, உண்மை. ஆனால் அந்த டிரான்ஸ்பார்மரில் இருக்கும் ஒவ்வொரு தோட்டமும் இப்படி அரை கிலோவாட்டைக் கேபிளில் எரித்தால் எல்லோருக்கும் வோல்டேஜ் இறங்கும். காயில் கருகினால் போரிலிருந்து மோட்டாரைத் தூக்க வண்டிக்கூலி, கட்டுக்கூலி, தண்ணீர் இல்லாத நாள்கள். என் பரிந்துரை 10. கை இறுக்கமாக இருந்தால் 6. நான்கை நான் விடமாட்டேன். எங்களுக்கு வேலை வரும் என்றாலும் சொல்கிறேன்.

ஏப்ரல் 17

அன்னூர் பெரியவர் நன்றி சொல்லிவிட்டு ஒரு செய்தியும் சொல்கிறார். அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தில் 2024 ஆகஸ்டிலிருந்து குளத்துக்குத் தண்ணீர் வந்தபின் போரில் மட்டம் ஏறியிருக்கிறதாம், ஆனால் மோட்டார் முன்பைவிட ஒரு ஆம்பியர் கூடுதலாக எடுக்கிறதாம், கோளாறா என்கிறார்.

இந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. பெரும்பாலும் கோளாறில்லை. தூக்க வேண்டிய உயரம் குறைந்தால் பம்பு அதிகத் தண்ணீரைத் தள்ளும். பல பம்புகளில் தள்ளும் தண்ணீர் கூடினால் தண்டின் சுமையும் கூடும். பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியரைத் தாண்டுகிறதா என்று மட்டும் பாருங்கள். தாண்டினால் டெலிவரி வால்வைச் சற்று மூடிப் பிடித்தால் ஆம்பியர் இறங்கும்.

ஏப்ரல் 20

இன்று ஞாயிறு, பட்டறை விடுமுறை. கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன்.

விதிக்குப் பெயர் தந்த ஜெர்மானியர் ஓம் தன் நூலை வெளியிட்டது 1827 இல். அதற்கு முந்திய ஆண்டு அவர் சோதனை செய்தபோது அந்தக் காலத்துப் பேட்டரிகள் நிலையாக நிற்கவில்லை; மின்சாரம் கொடுக்கக் கொடுக்கச் சரிந்தன. அதனால் பிஸ்மத்தையும் செம்பையும் சேர்த்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்து எடுத்த மின்சாரத்துக்கு மாறினார். வோல்டேஜ் அசையாமல் நின்ற பிறகுதான் கம்பியின் நீளத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள உறவு அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. வெப்பம் ஆம்பியரின் வர்க்கத்தில் ஏறும் என்று ஜூல் காட்டியது 1841 இல்.

நம் பக்கத்துக்கு மின்சாரம் பெருமளவில் வந்தது 1932 இல் பைக்காரா மின்நிலையம் ஓடத் தொடங்கியபின். ஐந்தே ஆண்டுகளில், 1937 இல், கோவையில் மோட்டாரே செய்துவிட்டார்கள். நான் சிங்காநல்லூரில் தொழில் கற்ற பட்டறையின் மேஸ்திரி எட்டாவதுக்கு மேல் படிக்காதவர். கருகிய மோட்டாரைப் பிரிக்கும் முன்பு மூன்று பேஸின் தடையையும் அளந்து எழுதச் சொல்வார். எழுதாமல் பிரித்தால் அன்று வேலை கிடையாது, வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஏப்ரல் 22

மேஸ்திரி எப்படி அளந்தார் என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். மல்டிமீட்டரால் அல்ல. 7.5 எச்.பி. காயிலின் தடை ஓரிரு ஓமுக்குள் இருக்கும். மல்டிமீட்டரின் இரண்டு லீடு வயர்களே 0.2, 0.3 ஓம் சேர்த்துக் காட்டும். பேட்டரியிலிருந்து காயிலுக்கு 2 ஆம்பியர் அனுப்பி, காயிலின் இரு முனையிலும் நேராக வோல்ட் மீட்டரை வைத்துப் படிப்பார். 2.4 வோல்ட் என்றால் 1.2 ஓம். லீடு வயரின் தடை இந்தக் கணக்கில் நுழையவே முடியாது. மூன்று பேஸும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக வர வேண்டும். ஒன்று மட்டும் இறங்கி நின்றால் அதில் சில சுற்று ஒன்றோடொன்று ஒட்டி ஷார்ட் ஆகியிருக்கிறது.

இதே அளவை வைத்துக் காயிலின் சூட்டையும் கண்டுபிடிக்கலாம். செம்பின் தடை சூட்டில் ஏறுகிறது. 30 டிகிரியில் 3.0 ஓம் இருந்த காயில், ஓடி நிறுத்தியதும் உடனே அளந்தால் 3.6 காட்டுகிறது என்று வையுங்கள். 30 உடன் 234.5 ஐக் கூட்டுங்கள்: 264.5. 3.6 ஐ 3.0 ஆல் வகுத்து வரும் 1.2 ஆல் பெருக்குங்கள்: 317.4. அதிலிருந்து 234.5 ஐக் கழித்தால் 83 டிகிரி. மோட்டாரின் வெளிக்கூட்டில் கை வைத்துப் பார்த்தால் இந்தச் சூடு தெரியாது, உள்ளே இருக்கிறது.

ஏப்ரல் 9 ஆம் தேதி எழுதிய 187 வாட்டை இங்கே திருத்திக்கொள்ளலாம். அங்கே தடை 3 ஓமாகவே நிற்கும் என்று வைத்துத்தான் கணக்கிட்டேன். காயில் 83 டிகிரிக்கு ஏறியிருந்தால் 7.9 ஆம்பியருக்கு வெப்பம் 225 வாட்.

ஏப்ரல் 25

அன்னூரில் 10 சதுர மில்லிமீட்டர் கேபிள் வாங்கிவிட்டார்கள். நாளை இறக்குகிறார்களாம். ஜாயிண்ட் போடுகிறவருக்கு இதைக் காட்டுங்கள் ஐயா.

முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்ட்டில் 0.1 ஓம் நின்றால் 14 ஆம்பியரில் 14 × 14 × 0.1 = 19.6 வாட். சிறிய சால்டரிங் அயன் 25 வாட். அவ்வளவு சூடு விரல் நீளத்துக்குள், டேப்புக்கு அடியில். செம்புச் சிலீவ் வைத்து அழுத்தி, ஈயம் ஊற்றி, அப்புறம் டேப் சுற்றச் சொல்லுங்கள். மூன்று ஜாயிண்ட்டையும் ஒரே மட்டத்தில் வைக்காமல் ஏற்ற இறக்கமாகப் போடச் சொல்லுங்கள். இறக்கும் முன்பு ஜாயிண்ட்டை ஒரு பக்கெட் தண்ணீரில் ஊறவிட்டு, மின்கசிவு இருக்கிறதா என்று காட்டும் மெகர் வைத்துப் பார்க்க வேண்டும். இறக்கியபின் மூன்று பேஸின் ஆம்பியரையும் ஸ்டார்ட்டரில் வோல்டேஜையும் அளந்து, பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் தேதியோடு எழுதி வையுங்கள்.